நாவல் மரத்தடியில் ஒரு பலாப்பழ வழக்கு

காட்டு நடை வழிகாட்டிகளாகப் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்கள் ஒன்பது பேரையும் நேற்று தூரத்திலிருந்து பார்த்தேன். புது ஷூ, புதுத் தொப்பி, கழுத்தில் பைனாகுலர், முகமெல்லாம் சிரிப்பு. பார்க்கவே உற்சாகமாக இருந்தது. முழங்கால் மட்டும் ஒத்துழைத்திருந்தால் நானும் பையை மாட்டிக்கொண்டு உங்கள் பின்னாலேயே வந்திருப்பேன். அது ஒத்துழைக்காததால்தான் ஓய்வு பெற்று வீட்டில் உட்கார்ந்து இதை எழுதிக்கொண்டிருக்கிறேன்.

வரைபடம் பார்ப்பது, முதலுதவி, கயிறு, வனத்துறை அனுமதி எல்லாம் உங்களுக்குச் சொல்லிக் கொடுத்துவிட்டார்கள். அதில் நான் கை வைக்கப் போவதில்லை. நான் செய்த ஒரு தப்பைச் சொல்லப் போகிறேன். வேலை தெரியாதவர்களால் இந்தத் தப்பைச் செய்யவே முடியாது. வேலையை நன்றாகக் கற்றுக்கொண்ட வழிகாட்டி மட்டும்தான் செய்வார். இன்னும் இரண்டு வருடத்தில் உங்களுக்கும் அந்தத் தகுதி வந்துவிடும் என்பதால் இப்போதே எழுதி வைக்கிறேன்.

என்னைப் பற்றி ஒரு விஷயம் தெரிந்தால்தான் மீதி புரியும். ஆட்களைக் காட்டு நடைக்குக் கூட்டிப்போகும் இந்த வேலைக்கு வருவதற்கு முன்பு, மலை அடிவாரத்தில் ஒரு மாதா கோயில் பள்ளியில் பதினோரு வருடம் விளையாட்டு டீச்சராக இருந்தேன். விசிலை ஒரு ஊது ஊதினால் நானூறு பிள்ளைகள் அப்படியே நிற்பார்கள். வாயில் விரல் வைத்துக் காட்டினால் மைதானத்தில் காக்கா கத்துவது மட்டும்தான் கேட்கும். பள்ளிக்கூடத்தை விட்டேனே தவிர விசிலை விடவில்லை. கழுத்தில் தொங்கிக்கொண்டே இருந்தது. மலைக்கிராமத்தார் என்னை டீச்சரம்மா என்றுதான் கூப்பிட்டார்கள்.

நம்முடைய ஜவ்வாது மலைக்கு வரும் விருந்தினரின் பெரிய குறை என்னவென்று போகப்போகத் தெரிந்துகொள்வீர்கள். அவர்கள் ஏற்கெனவே எங்கேயாவது தேசியப் பூங்காவுக்குப் போயிருப்பார்கள். ஜீப்பில் உட்கார்ந்தபடி யானை, மான் என்று வரிசையாகப் பார்த்திருப்பார்கள். இங்கே வந்து மூன்று மணி நேரம் நடந்து, மயில் ஒன்றையும் முள்ளம்பன்றியின் முள் ஒன்றையும் பார்த்துவிட்டு, "அவ்ளோதானா?" என்று கேட்பார்கள். அந்தக் கேள்வி வரும் என்று தெரிந்ததும், சாயங்காலம் காவலூர் வானாய்வகத்துக்குப் போய் நட்சத்திரம் பார்க்கலாமா என்று பேச்சை மாற்றுவோம். அந்த வருடம் ஆனி மாதத்தில் தொடர்ந்து நான்கு நடைகளில் நான் ஒரு விலங்கையும் காட்டவில்லை. மனசு குறுகுறுவென்று இருந்தது. ஐந்தாவது நடையில் எப்படியும் கரடியைக் காட்டிவிடுவது என்று எனக்குள்ளேயே சபதம் எடுத்திருந்தேன்.

அந்த ஐந்தாவது நடைக்கு எட்டுப் பேர் வந்தார்கள். அதில் இரண்டு பேரை மட்டும் நீங்கள் தெரிந்துகொண்டால் போதும். வாணியம்பாடியில் தோல் வியாபாரம் செய்யும் ரஃபீக் பாய், அவருடைய மகள் நஸ்ரின். அவளுக்கு இருபது வயது. விலங்கியல் கடைசி வருடம். மேற்படிப்புக்குக் காட்டுயிர் படிக்க வேண்டும், ஊர் ஊராகக் காட்டில் தங்கி வேலை செய்ய வேண்டும் என்பது அவள் ஆசை. வீட்டில் ஒருவருக்கும் பிடிக்கவில்லை. முதல் நாள் மாலை, கிராமத்தில் நாங்கள் தங்கியிருந்த கூடத்துக்கு வெளியே பாய் என்னைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசினார்.

"டீச்சர், ஒண்ணே ஒண்ணு சொல்லிடறேன். நாளைக்கு ஒரு நாள்தான். இன்னா காடு, இன்னா மிருகம், பொண்ணு தனியா போனா இன்னா ஆவும்னு என் கண்ணால பாக்கணும். மனசுக்கு சரின்னு பட்டா படிக்கட்டும். இல்லன்னா இதோட இந்தப் பேச்சு முடிஞ்சிது. நிக்காஹ் பேச ஆரம்பிச்சிடுவேன்."

"கவலப்படாதீங்க பாய், நான் பாத்துக்கறேன்" என்றேன். அந்த வார்த்தையை அவ்வளவு சுலபமாகச் சொன்னதை நினைத்தால் இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது.

விடிந்ததும் கிளம்பினோம். அந்த வாரம்தான் முதல் மழை பெய்திருந்தது. மண் வாசனை, ஓடையில் தண்ணீர் ஓடும் சத்தம், மரத்துக்கு மரம் கரிச்சான் குருவி. ஓடையோரமாகவே போகும் அந்த ஒற்றையடிப் பாதையை நீங்கள் எல்லாரும் பார்த்துவிட்டீர்கள். இடது பக்கம் இறங்கினால் ஓடை, வலது பக்கம் ஏறுமேடு. நான் முதலில், நஸ்ரின் எனக்குப் பின்னால், அவளுக்குப் பின்னால் அவள் அப்பா, அப்புறம் மற்றவர்கள். கடைசியில் என்னோடு வேலை செய்த இன்னொரு வழிகாட்டி.

எங்களுக்கு முன்னால் அந்தக் கிராமத்துப் பெண்கள் ஐந்து பேர் நாவற்பழம் பொறுக்கக் கூடையோடு போய்க்கொண்டிருந்தார்கள். போய்க்கொண்டிருந்தார்கள் என்பதை விடச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள் என்பது பொருத்தம். மலையே அதிர்ந்தது. இடுப்பில் கத்தி செருகியிருந்த ஒருத்திதான் வாதி. அவள் பெயரை இங்கே எழுத மாட்டேன். எழுதினால், "இன்னா டீச்சரம்மா, ஏன் பேர வெச்சி கத கட்றியா?" என்று சண்டைக்கு வந்துவிடுவாள். கத்திக்காரி என்றே வைத்துக்கொள்வோம். பிரதிவாதி அவளுடைய ஓரகத்தி, அதாவது கொழுந்தனின் மனைவி. வழக்கு ஒரு பலாப்பழத்தைப் பற்றியது. வரப்போரத்து மரத்தில் பழுக்கட்டும் என்று கத்திக்காரி சாக்குக் கட்டி விட்டிருந்த பழம் இரண்டு நாளுக்கு முன் காணாமல் போயிருந்தது.

"மவ வூட்டுக்கு எடுத்துட்டுப் போலாம்னு கட்டி வெச்சிருந்தேன். உன்ன வுட்டா அந்தப் பக்கம் யாருடி வர்றா?"

"நான் எடுக்கலக்கா! எத்தினி வாட்டி சொல்றது? எனக்கின்னா பலாப்பழத்துக்குப் பஞ்சமா?"

இப்படிக் கால் மணி நேரம். எங்கள் எட்டுப் பேருக்கும் வழக்கு மனப்பாடமே ஆகிவிட்டது. சிலர் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை, எரிச்சல் வந்தது. ஏனென்றால் அப்போதுதான் பாதையில் அதைப் பார்த்தேன். கரடியின் எச்சம்! புதுசு. கருநீலமாக, நாவற்கொட்டையாக. இரவோ விடியற்காலையோ போயிருக்கிறது. எல்லாரையும் கூப்பிட்டுக் காட்டினேன். நஸ்ரின் மண்டியிட்டு உட்கார்ந்து மூன்று படம் எடுத்தாள். அவள் கண் பளபளவென்று இருந்தது.

"பக்கத்துலதான் இருக்கு. இன்னிக்குப் பாக்கறோம்" என்று நானே வாயைக் கொடுத்தேன்.

அப்புறம் என்ன, டீச்சர் வெளியே வந்துவிட்டாள். பாதை கொஞ்சம் அகலமாகும் இடத்தில் பெண்களை மறித்து நிறுத்தினேன்.

"கொஞ்சம் பேசாம வாங்களேன். இவங்க எவ்ளோ தூரத்துலேருந்து கரடி பாக்க வந்துருக்காங்க. நீங்க இப்டி கத்துனா அது இந்தப் பக்கம் வருமா? ஓடியே போயிடும்."

கத்திக்காரி என்னை மேலும் கீழும் பார்த்தாள். "அதுக்குத்தானே டீச்சரம்மா கத்திக்கினு போறோம்" என்றாள்.

"இன்னாது?"

"நாவப்பழ சீசன்ல நாங்களும் அதே மரத்துக்குத்தான் போறோம், அதுவும் அதே மரத்துக்குத்தான் வருது. ஆள் வர்றது காதுல வுழுந்தா அது பாட்டுக்கு ஒதுங்கிப் பூடும். நீங்க பூன கணக்கா போய் நின்னா அதுக்கு எப்டித் தெரியும்?"

இதைவிடத் தெளிவாக ஒருத்தி சொல்ல முடியாது. என் காதிலும் விழுந்தது. ஆனால் எனக்கு வேலை தெரியும் அல்லவா? பத்து வருட அனுபவம் அல்லவா? வாயில் விரலை வைத்துக் காட்டினேன். விருந்தினரை எதிரில் வைத்துக்கொண்டு ஒருவரை அடக்கினால் அவர் பதில் பேச மாட்டார் என்பது எனக்குத் தெரியும்.

"சரி, நீங்க மின்ன போங்க" என்றாள் கத்திக்காரி. "நாங்க வெத்தல போட்டுட்டுப் பின்னாலயே வர்றோம். வாயத் தொறக்கல."

நாங்கள் முன்னால் போனோம். அந்த நடையைப் பார்த்திருந்தால் நீங்கள் கை தட்டியிருப்பீர்கள். பத்துப் பேர், ஒரு சுள்ளி முறியவில்லை. நான் பயிற்சி கொடுத்த லட்சணம் அப்படி. ஓடை இரைச்சல் வேறு எங்கள் காலடிச் சத்தத்தை மூடிக்கொண்டது. காற்று எதிரிலிருந்து வீசியது, எங்கள் வாசனையும் போகாது. எல்லாம் கச்சிதம் என்று எனக்குள் ஒரே பூரிப்பு. அந்தப் பூரிப்பில் இரண்டாவது தப்பையும் செய்தேன். பெரிய பாறை வளைவுக்கு முன்னால் நஸ்ரின் என் தோளைத் தொட்டு, கேமராவைக் காட்டி, முன்னால் போகட்டுமா என்று சைகையில் கேட்டாள். அவள்தான் முதலில் பார்க்கட்டுமே, அவளுக்காகத்தானே இந்த நடையே என்று ஒதுங்கி வழி விட்டேன்.

அவள் வளைவைத் திரும்பியவள் அப்படியே நின்றாள்.

நான் எட்டிப் பார்த்தேன். பதினைந்து அடி தூரத்தில் நாவல் மரம். மரத்தடியில், பாதையின் நடுவில், முதுகைக் காட்டியபடி கரடி பழம் தின்றுகொண்டிருந்தது. கறுப்பு மயிர் சிலிர்த்துக்கொண்டு, அவ்வளவு பெரியதாக! ஒரு நொடி, ஒரே ஒரு நொடி, எனக்கு வந்தது சந்தோஷம்தான். காட்டிவிட்டேன்! அடுத்த நொடி வலது பக்கம் ஏதோ அசைந்தது. மேட்டுப் பாறையின் மேல், நஸ்ரினுக்கு நாலு அடி தூரத்தில், கரடிக்குட்டி ஒன்று உட்கார்ந்து அவளைப் பார்த்துக்கொண்டிருந்தது.

அதே சமயம் தாய் திரும்பியது. எங்களைப் பார்த்ததும் பின்னங்காலில் எழுந்து நின்றது. மார்பில் அந்த வெள்ளைக் கோடு. மூக்கை உயர்த்தி உயர்த்தி மோப்பம் பிடித்தது. இவர்கள் யார், எத்தனை பேர், எப்போது வந்தார்கள், குட்டிக்குப் பக்கத்தில் ஏன் நிற்கிறார்கள் என்று எதுவுமே அதற்குத் தெரியாது. தெரியாதபடி நான்தான் கூட்டிக்கொண்டு வந்திருந்தேன்.

என் கை தானாக விசிலுக்குப் போனது. உதட்டில் வைத்துவிட்டேன். ஊதியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று என்னால் நினைக்க முடியவில்லை. திடீரென்று ஒரு வீறிட்ட சத்தம், குட்டி அலறும், தாய் பாயும், எட்டுப் பேரும் எட்டுத் திசையில் ஓடுவார்கள். இதெல்லாம் யோசித்தேன் என்று சொன்னால் பொய். கத்திக்காரியின் குரல்தான் காதில் கேட்டது. அதுக்கு எப்டித் தெரியும்? அதுக்கு எப்டித் தெரியும்?

விசிலைக் கீழே விட்டேன். பேச வேண்டும், சாதாரணமாகப் பேச வேண்டும். கத்தவும் கூடாது, கிசுகிசுக்கவும் கூடாது. ஆனால் என்ன பேசுவது? பதினோரு வருடம் பாடம் நடத்தியவளுக்கு ஒரு வாக்கியம் வரவில்லை. மண்டைக்குள் இருந்தது ஒன்றே ஒன்றுதான்.

"அது சரி, அந்தப் பலாப்பழத்த எடுத்தது யாரு?" என்றேன்.

கரடியின் காது என் பக்கம் திரும்பியது.

"சாக்கு கட்டி வெச்சிருந்த பழம். மவ வூட்டுக்கு எடுத்துட்டுப் போற பழம். அத யாரு எடுத்தது? நஸ்ரின், நீ எடுத்தியா? எடுக்கலன்னா எடது கால பின்னால வை. திரும்பாத. அத பாத்துக்கினே வை. பழம் நல்ல பெரிய பழமாம். இப்ப வலது கால். அவ்ளோதான், சமத்து."

நஸ்ரின் திரும்பாமல் காலைப் பின்னால் வைத்தாள். என் பின்னால் ஒரு மூச்சிரைப்பு. ரஃபீக் பாய் வளைவுக்கு வந்துவிட்டிருந்தார். கரடியைப் பார்த்தார், மகளைப் பார்த்தார். அவர் பாயப் போகிறார் என்று தெரிந்தது. என் ஒரு கையைப் பின்னால் நீட்டி அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டேன்.

"பாய் வந்துட்டாரு. பாய்தான் வியாபாரி, அவர கேப்போம். பாய், நீங்களே சொல்லுங்க, வரப்போரத்து மரம், ரெண்டு வூட்டுக்கும் நடுவுல. பழம் யாருக்கு? பேசுங்க பாய். நீங்க பேசினா நஸ்ரினுக்கு நல்லது."

வாழ்நாளெல்லாம் பேசியே தோல் விற்ற மனிதர் அவர். தட்டுத்தடுமாறி ஆரம்பித்தார்.

"வரப்போரம்னா... வரப்போரம்னா ரெண்டு பேருக்கும் பாத்தியத உண்டும்மா. ஆனா சாக்கு கட்டினது யாரு? கட்டினவங்க ஒருத்தரு, எடுத்தவங்க ஒருத்தருன்னா அது நியாயமா? பேட்டி, எம் பொண்ணே, நீ வா. மெதுவா அப்பாகிட்ட வா."

"வருவா பாய், வந்துக்கினே இருக்கா. நாம மட்டும் இங்க நிக்கக் கூடாது. குட்டி அந்தப் பக்கம், அம்மா இந்தப் பக்கம், நடுவுல நமக்கு இன்னா வேல? பாதைய அதுக்கு வுட்டுடுவோம். எல்லாரும் பழத்தப் பத்திப் பேசிக்கினே அப்டியே எடது பக்கம் ஓடைக்கு எறங்குங்க. ஓடாதீங்க."

பின்னால் வளைவுக்கு அந்தப் பக்கம் நின்ற மற்றவர்களுக்கு எதுவும் தெரியவில்லை. ஆனால் என் குரலில் இருந்த ஏதோ அவர்களுக்குப் புரிந்திருக்க வேண்டும். என் சக வழிகாட்டி ஒவ்வொருவராகத் தண்ணீரில் இறக்கிக்கொண்டிருந்தார். கரடி முன்னங்காலைத் தரையில் ஊன்றியது. புஸ் புஸ்ஸென்று ஒரு சத்தம் போட்டது. அப்போதுதான் தூரத்தில், பாதையின் பின்னாலிருந்து, ரோஷமான ஒரு குரல் வந்தது.

"நான் எடுக்கலன்னுதானே சொன்னேன்! டீச்சரம்மா வரைக்கும் கொண்டு போய்ட்டியாக்கா?"

ஓரகத்தி! சத்தியமாகச் சொல்கிறேன், அந்த நிலையிலும் எனக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. பேசாதே என்று கட்டளை போட்டுவிட்டுப் போனவள் பலாப்பழ வழக்கை ஊருக்கே கேட்கும்படி நடத்துகிறாள் என்றால் அங்கே என்ன நின்றுகொண்டிருக்கும் என்பதைக் கத்திக்காரி ஒரே கணத்தில் கணக்குப் போட்டுவிட்டாள். பெண்கள் ஓடி வரவில்லை. கூச்சல் போடவில்லை. நின்ற இடத்திலேயே நின்றுகொண்டு, காலையில் பேசிய அதே குரலில், அதே சண்டையை எடுத்தார்கள்.

"நீ எடுக்கலன்னா பின்ன யாருடி, கரடியா எடுத்துக்கினு போச்சி?"

"எனக்கின்னா தெரியும்? அதையே கேளு!"

மரத்தடியில் இருந்த தாய்க்கு இப்போது எல்லாம் விளங்கியது. இங்கே ஓர் ஆள் கூட்டம் தண்ணீரில் இறங்கிக்கொண்டிருக்கிறது. அங்கே ஒரு கூட்டம் நின்று கத்திக்கொண்டிருக்கிறது, கிட்டே வரவில்லை. கணுக்கால் தண்ணீரில் நான், நஸ்ரின், பாய் மூவரும் கடைசியாகக் கால் வைத்தோம். வைத்ததும் கரடி பாய்ந்தது. நாலே எட்டில் நஸ்ரின் நின்றிருந்த அதே இடத்துக்கு வந்துவிட்டது. அங்கே நின்று எங்களைப் பார்த்து ஓர் உறுமல். எங்களுக்கும் அதற்கும் நடுவில் ஒரு மாட்டுவண்டி நீளம்தான் இருக்கும். பாயின் பேச்சு நிற்கவில்லை. "நியாயம்னா நியாயம்தாம்மா, நியாயம்னா நியாயம்தான்" என்று அதையே திருப்பித் திருப்பிச் சொன்னார்.

குட்டி பாறையிலிருந்து சறுக்கி இறங்கியது. தாயின் பக்கவாட்டு மயிரைப் பிடித்து இரண்டு தடவை வழுக்கி, மூன்றாவது தடவை முதுகில் ஏறிப் படுத்துக்கொண்டது. தாய் திரும்பி மேட்டில் ஏறியது. அவசரமே இல்லை. புதர் மூடிக்கொண்டது.

பாய் மகளின் தலையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு ஏதோ ஓதிக்கொண்டிருந்தார். அவர் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது. நஸ்ரின் அவர் சட்டையைப் பிடித்து உலுக்கினாள்.

"அப்பா, அது முதுகுல ஏறிச்சி பாத்தீங்களா? வழுக்கி வழுக்கி ஏறிச்சிப்பா! பாத்தீங்களா?"

"பாத்தேன், பாத்தேன்" என்றார் பாய்.

அப்புறம் நடந்தது உங்களுக்குக் கட்டாயம் தெரிய வேண்டும். எல்லாரும் என் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். "நீங்க இல்லன்னா இன்னிக்கு அவ்ளோதான்" என்றார் ஒருவர். எப்படி உங்களுக்கு அந்த யோசனை வந்தது என்றார் இன்னொருவர். நான் மறுக்கவில்லை. தலையை ஆட்டிக்கொண்டு, கதாநாயகி மாதிரி, திரும்பும் வழியெல்லாம் வந்தேன். பழம் பொறுக்குவதை அன்றைக்கு விட்டுவிட்டுக் கத்திக்காரியும் ஓரகத்தியும் எங்களுக்குத் துணையாக முன்னால் நடந்தார்கள். கத்திக்காரி என்னைக் குற்றம் சொல்லவே இல்லை. அதுதான் கொஞ்சம் கொஞ்சமாகக் குத்த ஆரம்பித்தது.

காலையில் நான் காட்டிய எச்சம் இருந்த இடம் வந்தது. கத்திக்காரி நின்றாள். காலையில் சண்டை மும்முரத்தில் அவளும் அதைக் கவனிக்காமல் தாண்டிப் போயிருந்தாள். குனிந்து, ஒரு குச்சியால் கிளறினாள். நாவற்கொட்டைகளுக்கு அடியிலிருந்து நீளமாக ஒன்று புரண்டு வந்தது. இன்னொன்று. பலாக்கொட்டை! கூடவே சாக்கு நார் ஒன்று.

ஓரகத்தி இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள். "இப்ப இன்னா சொல்றக்கா?"

கத்திக்காரி கொட்டையைக் குச்சியால் புரட்டிப் பார்த்தாள். "இன்னா சொல்றது, கரடிதான் எடுத்துக்கினு போச்சி" என்றாள். பிறகு ஓரகத்தியின் தோளில் கை போட்டு, "மனசுல வெச்சிக்காதடி" என்றாள். எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தோம். பயம் எல்லாம் அந்தச் சிரிப்பில்தான் வெளியே போனது.

நான் மட்டும் சிரிப்பை நடுவில் நிறுத்திவிட்டேன். அதே எச்சத்தை நான் கிளறவே இல்லை. மேலோடு பார்த்தேன், பக்கத்தில் கரடி இருக்கிறது என்று தெரிந்துகொண்டேன், தெரிந்த பிறகும் எட்டுப் பேரின் வாயைக் கட்டிக் கூட்டிப் போனேன். தப்பை ஒரே மூச்சில் ஒத்துக்கொண்ட ஒரு பெண்பிள்ளை எதிரில் நிற்கிறாள், நான் இரவல் வாங்கிய பெருமையோடு நிற்கிறேன். இதற்கு மேல் தாங்கவில்லை.

"பாய்" என்றேன். "உங்க பொண்ண நான் காப்பாத்தல. ஆபத்துல கொண்டு போய் வுட்டதே நான்தான். இவங்க பேசிக்கினு போயிருந்தா நாம வர்றதுக்கு மின்னயே அது ஒதுங்கிப் போயிருக்கும். இந்தம்மா சொன்னாங்க, நான் கேக்கல. மின்னாடி போக வழி வுட்டதும் நான்தான்."

சிரிப்பு நின்றது. நஸ்ரின் என்னைப் பார்த்த பார்வையை மறக்க மாட்டேன். ஏன் சொன்னீர்கள், இப்போது என் படிப்பு போச்சே என்று அந்தக் கண் கேட்டது. எனக்கும் அது தெரியும். ஆனால் பொய்யான ஒரு கதையைப் பார்த்துவிட்டு அவர் முடிவெடுத்தால் அது நாளைக்கு அவள் தலையில்தான் விடியும் என்று எனக்குப் பட்டது. இப்போதும் அப்படித்தான் படுகிறது. உங்கள் விருந்தினருக்குக் கரடி காட்டாமல் போனாலும் போங்கள், நடந்ததை மாற்றிச் சொல்லாதீர்கள். அன்றிலிருந்து நாவற்பழக் காலத்தில் நம் குழு அந்தப் பாதையில் பழம் பொறுக்கும் பெண்களுக்குப் பின்னால்தான் போகிறது. முதல் ஆளாக நடப்பது வழிகாட்டிதான், விருந்தினர் இல்லை. வளைவு வந்தாலும், ஓடை இரைந்தாலும் பேச்சுக் குரல் நிற்கக் கூடாது. விலங்கு பார்க்க உட்கார்ந்து காத்திருக்கும் இடம் வேறு, அங்கே எவ்வளவு வேண்டுமானாலும் மௌனமாக இருந்துகொள்ளுங்கள்.

பாய் கைக்குட்டையை எடுத்து முகத்தைத் துடைத்தார். எச்சத்தைப் பார்த்தார், மேட்டைப் பார்த்தார், மகளைப் பார்த்தார். பிறகு ஒரு முடிவுக்கு வந்தவராக நிமிர்ந்தார். அவர் கேட்டது என்னை இல்லை. என்னைத் தாண்டிப் போய்க் கத்திக்காரியின் எதிரில் நின்றார்.

"ஏம்மா, நீங்க சொன்னதுதான் சரியா இருந்திச்சி. இவ படிப்புக்குக் காட்டுல தங்கி வேல செய்யணும்றா. நான் கூட வர முடியாது. இங்க வந்தா நீங்க பாத்துக்குவீங்களா?"

அவள் நஸ்ரினை ஒரு முறை அளந்து பார்த்தாள்.

"வரட்டும் பாய். ஆனா எங்க கூட நடக்கணும்னா வாய்ப் பேச்சு நல்லா வரணும். வருமா?"

"இவளுக்கா?" என்றார் பாய். "வூட்ல ஒரு நிமிசம் வாய மூடி நான் பாத்ததில்லம்மா."

நஸ்ரின் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். பிறகு கத்திக்காரியோடு சேர்ந்து நடந்தபடி, மார்பில் வெள்ளைக் கோடு, குட்டி வழுக்கியது, தாய் மோப்பம் பிடித்தது என்று ஆரம்பித்தாள். மலையே அதிர்ந்தது. கிராமம் வந்து சேரும் வரை அவள் வாயை மூடவில்லை. நானும் மூடச் சொல்லவில்லை.